முட்டைக்கு முன், முட்டைக்குப் பின்

எங்கள் வீடு வேளச்சேரியில், மூன்றாவது மாடி. பால்கனி என்று ஒன்று உண்டு. பத்தடி நீளம், நாலடி அகலம். அதற்குள் துணிக்கொடி, ஏசியின் அவுட்டோர் யூனிட், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, அம்மாவின் துளசி, செடி பட்டுப்போன ஒரு காலித் தொட்டி. இந்த வருஷம் பொங்கல் லீவில் அந்தக் காலித் தொட்டிக்கு ஆள் குடி வந்துவிட்டார்கள். அட்வான்ஸ் இல்லை, வாடகை இல்லை, கேட்கவும் இல்லை. ஒரு ஜோடி மாடப்புறா.

அதைக் கூடு என்று சொன்னால் தூக்கணாங்குருவி கோபித்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து வேப்பங்குச்சி, இரண்டு துடைப்பக்குச்சி, ஒரு துண்டு கேபிள் ஒயர். அவ்வளவுதான் (சிவில் படிக்கிற நண்பர்கள் பார்த்தால் அழுதுவிடுவார்கள்). நடுவில் ஒரு வெள்ளை முட்டை. ஒரு நாள் விட்டு இன்னொன்று.

அன்று சாயந்திரமே வீட்டில் மூன்று கட்சி உருவாகிவிட்டது.

அப்பா: "வலைக்காரருக்கு போன் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து அடிச்சுட்டுப் போயிடுவார்."

அம்மா: "முட்டையோட இருக்கறதக் கலைச்சா பாவங்க. நம்ம வீட்லயும் புள்ளைங்க இருக்கு."

மூன்றாவது கட்சி பாட்டி. அவருக்கு இருபது வருஷமாக வீசிங். பால்கனியை ஒட்டிய அறைதான் அவருடையது. கதவைத் திறந்தால் புறா எச்சம், இறகு, தூசி. ஆனால் பாட்டி எதுவும் சொல்லவில்லை. இன்ஹேலரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

நான் எந்தக் கட்சி என்று சொல்வதற்கு முன், போன தீபாவளிக்கு எங்கள் பிளாக்கில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மாடியில் ஒரு வீட்டில் புதிதாக வலை போட்டார்கள். போட்டுவிட்டு லீவுக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஏசி யூனிட்டுக்குப் பின்னால் இரண்டு குஞ்சுகள் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. வலை அடித்தவரும் பார்க்கவில்லை, வீட்டுக்காரர்களும் பார்க்கவில்லை. தாய்ப்புறா வலைக்கு வெளியே பறந்து பறந்து மோதியது. உள்ளே குஞ்சுகள் கத்தின. வெடிச் சத்தம் நின்ற நேரமெல்லாம் அந்தக் கீச்சுச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. வாட்ச்மேனிடம் சொன்னோம், சாவி இல்லை என்றார். இரண்டாம் நாள் சத்தம் மெலிந்தது. மூன்றாம் நாள் இல்லை. ஊரிலிருந்து வந்தவர்கள் வாடையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த அக்கா அழுதுகொண்டே பால்கனியைக் கழுவினார். தெரியாமல் நடந்தது. ஆனால் தெரியாமல் நடந்ததால் அந்தக் குஞ்சுகளுக்கு என்ன வித்தியாசம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. பால்கனி நம்முடையது. வலை போட நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை முட்டைக்கு முன்னால் வரைதான். முட்டை வந்த பிறகு, குஞ்சு பறக்கும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கவே முடியாத வீடு என்றால், குச்சி வரும்போதே விழித்துக்கொள்ள வேண்டும்.

உடனே ஒரு கேள்வி வரும், எனக்குத் தெரியும். "புறா என்ன அழிந்துபோகிற இனமா? ஊர் முழுக்க அதுதானே!" உண்மைதான். 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, பெருகிவரும் பறவைகளின் பட்டியலில்தான் மாடப்புறாவை வைத்திருக்கிறது. முன்பு சட்டமும் அதன் பக்கம் இருக்கவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய அட்டவணையில் புறாக்களுக்கெல்லாம் பாதுகாப்பு கொடுத்துவிட்டு, 'மாடப்புறா நீங்கலாக' என்று எழுதியிருந்தார்கள். (பிற பறவைகள் விஷயத்தில் ஜாக்கிரதை. அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லின் விளக்கத்துக்குள் காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். உங்கள் பால்கனிச் செடியில் புல்புல்லோ தேன்சிட்டோ கூடு கட்டினால் பேசாமல் ஒரு மாதம் போலத் தள்ளி நில்லுங்கள். அவை சீக்கிரம் காலி செய்துவிடும்.)

ஆனால் மாடப்புறா ஏன் இத்தனை பெருகியது என்று யோசித்திருக்கிறீர்களா? அதன் முன்னோர்கள் மலைப்பாறை இடுக்குகளில் முட்டையிட்டவை. மரத்தில் கூடு கட்டுகிற பழக்கமே அதற்குக் கிடையாது. நாம் என்ன செய்தோம்? ஊர் முழுக்கக் கான்கிரீட்டில் செங்குத்துப் பாறைகள் எழுப்பினோம். மாடிக்கு மாடி ஸன்ஷேடு என்று திட்டு வைத்தோம். ஏசி யூனிட்டுக்குப் பின்னால் நிழலான இடுக்கும் கொடுத்தோம். அதன் கண்ணுக்கு வேளச்சேரி ஒரு நல்ல மலைத்தொடர்!

இதே கணக்கில்தான் சிட்டுக்குருவி வெளியே போனது. அதற்கு வேண்டியது திட்டு இல்லை, பொந்து. ஓட்டு வீட்டின் இடுக்கும் சுவரில் இருந்த ஓட்டையும் போனபின் அது எங்கே குடியிருக்கும்? 2018-ல் '2.0' படம் பார்த்துவிட்டு எல்லாரும் செல்போன் டவரைத் திட்டினோம். 2020-ல் வந்த அதே பறவைகள் அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று சொன்னது. எந்தப் பறவை நம் வீட்டுக்கு வரும், எது வராது என்பதில் நாம் கட்டுகிற வீட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. மார்ச் 20 வந்தால் வராத குருவிக்காக ஸ்டேட்டஸ் வைக்கிறோம். வந்த புறாவை விளக்குமாற்றால் விரட்டுகிறோம். இதில் ஏதோ உதைக்கிறது, இல்லையா?

இப்போது மறுபக்கம். புறாப் பிரியர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

புறா எச்சத் தூசியும் இறகுத் துகளும் சிலருக்கு விளையாட்டு இல்லை. தொடர்ந்து சுவாசித்தால் 'ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ்' என்ற நுரையீரல் அழற்சி வரலாம். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறிப்போய் பழைய நிலைக்குத் திரும்பாமலும் போகலாம். 2025-ல் மும்பையில் மாநகராட்சி 'கபூதர்கானா' என்னும் புறாத் தீனிக் களங்களை மூடியது இந்த உடல்நலக் காரணத்தைச் சொல்லித்தான். தாதரில் இருந்த களத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ஆகஸ்ட் மாதம் மக்கள் கூட்டமாக வந்து அந்தத் தார்ப்பாயைக் கிழித்தார்கள். என்னைக் கேட்டால், தீனி போடுவதை நிறுத்தச் சொன்னது சரிதான். மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டி ஆயிரம் புறாவை ஒரே இடத்தில் சேர்ப்பது ஜீவகாருண்யம் ஆகாது. அந்தத் தூசியைச் சுவாசிக்கப்போவது பக்கத்துத் தெருக் குழந்தையும் தாத்தாவும்தான். மொட்டை மாடியில் அரிசி போட்டுவிட்டு, கீழே பால்கனிக்கு வலை போடுகிறவர்களும் எங்கள் பிளாக்கிலேயே இருக்கிறார்கள். அவர்களை என்ன சொல்ல!

எங்கள் வீட்டுக் கதைக்குத் திரும்புகிறேன். பாட்டியை டாக்டரிடம் கூட்டிப்போனோம். அறையை மாற்றுங்கள், பால்கனிக் கதவைத் திறக்காதீர்கள், மூச்சு கொஞ்சம் மாறினாலும் உடனே வாருங்கள் என்றார். அவர் மட்டும் "கூடவே கூடாது" என்று சொல்லியிருந்தால், முட்டையை நானே எடுத்திருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பாட்டியின் மூச்சையும் புறா முட்டையையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

பாட்டி ஹாலுக்கு வந்தார். நான் பாட்டி அறைக்குப் போனேன். வலைக்காரரிடம் அப்பா "மார்ச்ல வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பால்கனி சுத்தம் என் பொறுப்பு. மாஸ்க் போட்டு, முதலில் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, பிறகுதான் துடைப்பேன். காய்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் பெருக்கவே கூடாது, தூசி கிளம்பும்.

செமஸ்டருக்குப் படித்ததைவிட அந்தத் தொட்டியைப் பார்த்ததுதான் அதிகம். அப்பாவும் அம்மாவும் ஷிப்ட் போட்டு அடைகாக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. காலை பத்து மணி வாக்கில் ஆண் வந்து உட்காரும். சாயந்திரம் பெண் வந்து மாற்றிவிடும், இரவு முழுக்க அதுதான். பதினெட்டாம் நாள் ஒரு முட்டை பொரிந்தது. மற்றது பொரியவே இல்லை. மஞ்சள் மயிரோடு, கண் திறக்காமல், அழகே இல்லாத ஒரு ஜந்து! முதல் சில நாளைக்கு அதற்குச் சாப்பாடு பால். ஆமாம், புறாவின் தொண்டைப்பையில் ஊறுகிற ஒருவகைப் பால். தாய்க்கு மட்டுமில்லை, தகப்பனுக்கும் ஊறுமாம். இதை அப்பாவிடம் சொன்னபோது பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார். அதற்குப் பிறகு தினமும் ஆபீஸ் கிளம்பும்போது ஒருமுறை எட்டிப் பார்ப்பார். கட்சி மாறியதை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மார்ச் முதல் வாரம் ஒரு காலையில் தொட்டி காலி. எல்லாம் சேர்த்து ஏழு வாரம்.

அன்று மாலையே வலை போட்டோம். ஆமாம், வலைக்காரருக்கு போன் செய்ததே நான்தான். காத்திருந்தால் அதே ஜோடி அதே தொட்டியில் மறுபடி முட்டையிடும். புறாவுக்கு இதுதான் சீசன் என்று ஒன்றும் கிடையாது. அது முட்டையிட்டபின் நான் மறுபடி இதே கட்டுரையின் ஆரம்பத்துக்குப் போகவேண்டும். தொட்டியை எடுத்தோம். யூனிட்டின் பின்பக்கம் டார்ச் அடித்து இரண்டு முறை பார்த்தோம். வலை தொய்யாமல் இழுத்துக் கட்டச் சொன்னோம், தொய்ந்த வலையில்தான் பறவையின் கால் மாட்டும். மறுநாள் அந்த ஜோடி எதிர் பிளாக் ஸன்ஷேடில் உட்கார்ந்து எங்கள் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டி அறைக்குத் திரும்பியாகிவிட்டது.

அடைக்கலம் வந்த புறாவுக்காகச் சிபி தன் சதையையே அறுத்துக் கொடுத்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். சோழர்கள் தங்களை அவன் வழி வந்தவர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். நம்மிடம் யாரும் சதை கேட்கவில்லை. ஏழு வாரம் துணியை உள்ளே காயப்போடச் சொல்கிறோம். வலையைக் கட்டுவதற்கு முன் ஒருமுறை குனிந்து பார்க்கச் சொல்கிறோம். டார்ச் கூட வேண்டாம், செல்போன் வெளிச்சம் போதும்.

உங்கள் வீட்டில் வலை இருக்கிறதா? எப்போது போட்டீர்கள், முன்னாலா பின்னாலா?