கொடி யாருடைய சொத்து?

ஆகஸ்ட் 15 கழிந்த மறுநாள் காலையில் தெருவைப் பாருங்கள். சாக்கடையோரம் காகிதக் கொடி. குப்பைத் தொட்டியில் குச்சியோடு சுருண்டு கிடக்கும் துணிக் கொடி. முந்தின நாள் அதற்கு சல்யூட் அடித்த பெரிய மனிதர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. குனிந்து பொறுக்குகிறவர் துப்புரவுத் தொழிலாளி!

1932 ஜனவரியில் திருப்பூர் வீதியில் போலீஸ் தடியடிக்கு இரையான குமரன் ஏந்தியது ராட்டைக் கொடி. ராட்டை இருந்த இடத்தில் 24 ஆரங்கள் கொண்ட சக்கரத்தை வைத்து, 1947 ஜூலை 22-ல் அரசியல் நிர்ணய சபை இன்றைய கொடியை ஏற்றது. ரத்தம் சிந்திப் பெற்ற கொடி இது. ஆனாலும் சாதாரண ஜனங்கள் இஷ்டப்பட்ட நாளில் வீட்டில் ஏற்ற முடியாதபடி வெகுகாலம் தடை இருந்தது. 2002 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த கொடி விதிகள்தான் தடையை நீக்கின. 2004-ல் சுப்ரீம் கோர்ட்டும் இது குடிமக்களின் உரிமை என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் நவீன் ஜிந்தால் என்ற ஆலை முதலாளி. இருக்கட்டும், அவர் வாங்கிய தீர்ப்பு குடிசைக்கும் செல்லும்.

மாடி வேண்டாம், உயர்ந்த கம்பம் வேண்டாம். எந்த அளவானாலும் நீளம் 3 பங்கு, அகலம் 2 பங்கு இருந்தால் சரி. காவி மேலே இருக்கவேண்டும். சுவரில் நெடுக்காகத் தொங்கவிட்டால் பார்ப்பவரின் இடது பக்கம் காவி வரவேண்டும். தரையில் படக்கூடாது, தோரணமாகக் கட்டக்கூடாது, அதன்மேல் எதையும் எழுதக்கூடாது. தன் கட்சிப் பெயரைக் கொடியில் அச்சடித்து விநியோகிக்கும் பிரமுகர்கள் இதைக் கவனிக்கட்டும்! நமது சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: செங்கொடி பறக்கும் கம்பத்திலேயே தேசியக் கொடியைச் சேர்த்துக் கட்டாதீர்கள். அதற்குத் தனிக் கம்பம் வேண்டும். பக்கத்திலுள்ள வேறெந்தக் கொடியும் அதைவிட உயரமாக இருக்கக்கூடாது. 2022 ஜூலை முதல் வீட்டில் இரவிலும் பறக்கவிடலாம்.

கிழிந்தால், சாயம் போனால் இறக்கிவிட வேண்டும். அடுப்படித் துணியாக்கக் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. பலர் பார்க்க இல்லாமல், தனிமையில், முழுசாக எரித்துவிடுவதே நல்லது என்கிறது விதி. கௌரவமான வேறு முறையும் ஆகும். தெருவில் வைத்து எரிக்காதீர்கள். பொது இடத்தில் கொடியை அவமதித்தால் 1971-ம் வருஷச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. வேண்டாதவர்கள் ஏழையின் மீது கேஸ் ஜோடிக்க அது போதும்.

கதர்க் கொடி எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் அப்படியல்ல, உருகிச் சொட்டும், கையில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், புகையும் கெடுதல். சுத்தமான துணியில் சுற்றிப் புதைப்பது மேல். மக்காதுதான், என்ன செய்வது? கையால் நூற்று, கையால் நெய்த துணியில்தான் கொடி என்றிருந்த விதியை 2021 டிசம்பர் 30-ல் திருத்தி, மில் துணிக்கும் பாலியெஸ்டருக்கும் வழிவிட்டது மத்திய சர்க்கார். கர்நாடகத்தில் ஹூப்ளியை அடுத்த பெங்கேரியில் கதர்க் கொடி செய்யும் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், பிழைப்புப் பறிபோகிறதே என்று குரல் எழுப்பினார்கள். கொடியின் பெயரால் கொடி செய்பவரின் வயிற்றில் அடிப்பதா?

கட்டாயமும் கூடாது. 2022 ஆகஸ்டில் அரியானாவின் கர்னாலில், 20 ரூபாய்க்குக் கொடி வாங்கினால்தான் ரேஷன் என்று ஒரு கடையில் ஏழைகளை நிர்ப்பந்தித்ததாகப் புகார் கிளம்பி, கடையின் லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டது. கொடி ஏற்றுவது உரிமை. அரிசிக்கும் கூலிக்கும் அதை நிபந்தனையாக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. அப்படி யாராவது கேட்டால் சங்கத்தில் வந்து சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 16 காலையில் ஒவ்வொரு கிளையும் இரண்டு தோழர்களை ஒரு பையோடு தெருவுக்கு அனுப்பட்டும். துப்புரவுத் தொழிலாளி வருமுன் அந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.