41,000 ரூபாய்ச் சலுகையும் குவிண்டாலுக்கு 766 ரூபாய் இழப்பும்

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜிஎஸ்டி வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. டயர் மற்றும் உதிரிபாகங்களுக்கு 18 சதவீதமாக இருந்த வரியும் 5 சதவீதத்துக்கு வந்தது. விவசாயிகளுக்குப் பிரதமர் அளித்த தீபாவளிப் பரிசு என்று ஆளும் கட்சியினர் ஊர்தோறும் பரப்புரை செய்தனர். ஒன்றிய வேளாண் அமைச்சர் குதிரைத்திறன் வாரியாகக் கணக்கே வாசித்தார்: 6,50,000 ரூபாய் விலையுள்ள 35 குதிரைத்திறன் டிராக்டர் இனி 6,09,000 ரூபாய், மிச்சம் 41,000 ரூபாய்.

வரி குறைந்ததை யாரும் எதிர்க்கப்போவதில்லை. 2017 முதல் எட்டாண்டுக் காலம் இந்த வரியை விவசாயியிடமிருந்து வசூலித்தவர்கள் யார் என்ற கேள்வியையும் ஒருபுறம் வைத்துவிடலாம். அமைச்சர் வாசித்த கணக்கை நெல்லின் கணக்கோடு சேர்த்து வாசித்தால் என்ன கிடைக்கிறது என்பதே பார்க்க வேண்டியது.

2025-26 காரீப் பருவத்துக்கு சாதாரண ரக நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். இது உற்பத்திச் செலவின் ஒன்றரை மடங்கு என்கிறது அரசு. ஒன்றரை மடங்குதான், ஆனால் எந்தச் செலவின் ஒன்றரை மடங்கு? விவசாயி கையிலிருந்து கொடுத்த பணமும் குடும்பத்தினரின் உழைப்புக்கான மதிப்பும் மட்டும் சேர்ந்த 1,579 ரூபாயின் ஒன்றரை மடங்கு. சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பையும், டிராக்டர், மோட்டார், கொட்டகை என்று நிலத்தில் போட்டிருக்கும் முதலுக்கான வட்டியையும் சேர்த்தால்தான் சி2 எனப்படும் முழுச் செலவு வரும். எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்து விலை தரச் சொன்னதை, விவசாயிகள் இயக்கம் இந்த முழுச் செலவின் மீதே கோரி வருகிறது. அதன்படி நெல்லுக்கு 3,135 ரூபாய் கிடைக்க வேண்டும் என்பது ஐக்கிய விவசாயிகள் முன்னணியின் கணக்கு. குவிண்டாலுக்கு 766 ரூபாய் குறைகிறது.

54 குவிண்டால் நெல் விற்கும் விவசாயி இந்த வகையில் இழப்பது 41,364 ரூபாய். ஏக்கருக்கு 26, 27 குவிண்டால் விளையும் பஞ்சாபில் 54 குவிண்டால் என்பது இரண்டு ஏக்கரின் ஒரு பருவ விளைச்சல். டிராக்டரில் வாழ்நாளில் ஒருமுறை, அதுவும் புதிதாக வாங்க முடிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகையை, இரண்டு ஏக்கர்காரரிடமிருந்து ஒரே பருவத்தில் அரசு திரும்ப எடுத்துக்கொள்கிறது. அடுத்த பருவத்திலும் எடுக்கும். டிராக்டரே வாங்காதவரிடமிருந்தும் எடுக்கும். இது ஆதரவு விலை முழுமையாகக் கிடைக்கும் பஞ்சாபின் கணக்கு. அரசுக் கொள்முதல் எட்டாத பகுதிகளில் வியாபாரி வைத்ததே விலை.

டிராக்டருக்கான முதலும் அதன் வட்டியும் விலைக் கணக்கில் முழுமையாக இடம்பெறாத நிலையில்தான், டிராக்டர் மலிவாகிவிட்டது என்று கொண்டாடச் சொல்கிறார்கள்.

நாட்டின் நில உடைமைகளில் 86 சதவீதம் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. சராசரி உடைமை 1.08 ஹெக்டேர் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. ஒரு டிராக்டர் வாங்கிய விலைக்கு நியாயம் செய்ய ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் மணி நேரம் ஓட வேண்டும் என்பார்கள். பஞ்சாப் சிறு விவசாயியின் டிராக்டர் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி வாசலில் நிற்கிறது. பிறகு ஏன் வாங்குகிறார்? விதைக்க வேண்டிய வாரத்தில் வாடகை டிராக்டருக்கு அனைவரும் ஒரே நேரத்தில் காத்திருக்கிறார்கள். நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பது மூன்று வாரம்தான். அதைத் தவறவிட்டால் விளைச்சல் குறையும். ஆடம்பரத்துக்காக வாங்குகிறார்கள் என்று பொருளாதார வல்லுநர் சிலர் எழுதுவது, நடவுக் காலத்தில் கிராமத்தில் ஒரு வாரம் தங்கிப் பார்க்காதவர்களின் எழுத்து.

பயிர்க்கடனுக்கு உள்ள வட்டி மானியம் டிராக்டர் கடனுக்கு இல்லை. 2010ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத்தில் ஒரே நாளில் 150 மெர்சிடஸ் கார்கள் வாங்கப்பட்டன. அதற்கான கடனைப் பொதுத்துறை வங்கி 7 சதவீத வட்டியில் கொடுத்தது. அதே மராத்வாடாவில் டிராக்டருக்குக் கடன் கேட்டவர்கள் அதைவிடப் பல மடங்கு சிரமப்பட்டு, அதிக வட்டிக்கு வாங்கினார்கள். தவணை தவறியபின் பழைய டிராக்டர் சந்தைக்கு ஓட்டிச் செல்வதே மிஞ்சும் வழி. 2021 குடியரசு தினத்தன்று தில்லிக்குள் அணிவகுத்த டிராக்டர்களில் எத்தனை அடமானத்தில் இருந்தனவோ!

டிராக்டரோடு செலவு நிற்பதுமில்லை. பஞ்சாபில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போக, தரைமட்ட மோட்டாருக்குப் பதிலாக நீர்மூழ்கி மோட்டார் வந்தது. பிறகு கூடுதல் ஆழத்துக்குத் துளையிட்டு, கூடுதல் குதிரைத்திறன் கொண்ட மோட்டார் இறக்க வேண்டியதாயிற்று. மின்சாரம் இலவசம் என்பதைப் பெரிதாகப் பேசுபவர்கள், அந்த மின்சாரத்தைப் பயன்படுத்தத் துளையிடும் செலவைப் பேசுவதில்லை. கம்பைன் அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் தாளை எரித்தால் அபராதம். எரிக்காமல் விதைக்க இன்னொரு இயந்திரம்.

டீசலின் கதையைத் தோழர்கள் அறிவார்கள். 2014இல் லிட்டருக்கு 3.56 ரூபாயாக இருந்த ஒன்றிய கலால் வரி, 2020 மே மாதத்தில் 31.83 ரூபாய் ஆனது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்து கிடந்த நேரம் அது. விலை சரிந்ததன் பயன் விவசாயிக்குப் போய்விடக் கூடாது என்பதில் அத்தனை கவனம்! பின்னர் இருமுறை குறைத்தும் 2014 அளவுக்கு அது திரும்பவில்லை. யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாக இளைத்தது. டிஏபி 1,350 ரூபாய்க்கு விற்க வேண்டும்; தட்டுப்பாட்டுக் காலத்தில் அந்த விலையில் கிடைப்பதே அதிர்ஷ்டம். 2022-23இல் சுமார் 2.5 லட்சம் கோடியாக இருந்த உர மானியத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கப்பட்டது சுமார் 1.67 லட்சம் கோடி. ரசாயனப் பூச்சிமருந்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி அப்படியே நீடிக்கிறது. ஆலை முதலாளி தான் செலுத்திய உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம். விளைபொருளுக்கு வரிவிலக்கு என்பதால் விவசாயிக்கு அந்த வழியும் இல்லை.

இத்தனையும் போக வீட்டுக்கு என்ன வருகிறது? 2018-19 தேசிய மாதிரி ஆய்வின்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய். கூலி, சம்பளத்திலிருந்து வந்தது 4,063 ரூபாய். அதாவது, கணக்கேட்டில் விவசாயி என்று எழுதப்பட்டவர் வருமானத்தில் கூலியாளாகிவிட்டார். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையும் மருத்துவமனைச் செலவையும் 3,798 ரூபாயில் அடக்க முடியாது என்பதால்தான் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் கடனில் இருந்தன. ஆண்டுக்கு 6,000 ரூபாய் கிசான் நிதி 2019இல் அறிவிக்கப்பட்டது. இன்றும் அதே 6,000.

இங்கே ஒன்றைச் சங்க ஊழியர்கள் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. செலவு உயர்வுக்குக் காரணம் கூலி உயர்வுதான் என்று கிராமத்துப் பணக்காரர் சொல்வதைச் சிறு விவசாயியும் திருப்பிச் சொல்கிறார். டீசலுக்கும் உரத்துக்கும் விலை வைப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கூலி கேட்பவர் எதிரில் நிற்கிறார். ஆனால் 2023இல் தற்கொலை செய்துகொண்ட வேளாண் துறையினர் 10,786 பேரில் 6,096 பேர் விவசாயத் தொழிலாளர்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. கம்பைன் இயந்திரம் பறித்த அறுவடைக் கூலிக்கு ஈடாக அவர்களுக்கு எதுவும் வரவில்லை. டிராக்டரையும் கம்பைனையும் மலிவாகக் கொடு என்பதோடு மட்டும் கோரிக்கை நின்றால், இந்த 6,096 குடும்பங்களிடம் சொல்வதற்கு விவசாயச் சங்கத்துக்கு எதுவும் இருக்காது.

இயந்திரம் பொதுவில் இருக்க முடியும். பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் லாம்ப்ரா காங்ரி கூட்டுறவுச் சங்கம் டிராக்டர் முதல் அறுவடைக் கருவிகள் வரை தானே வைத்துக்கொண்டு உறுப்பினர்களுக்குக் குறைந்த வாடகையில் தருகிறது. இயந்திர மையங்களுக்கு 80 சதவீதம் வரை மானியம் தரும் திட்டங்கள் அரசிடமும் உள்ளன. ஆனால் கூட்டாகப் பதிவு செய்துகொண்டு, இயந்திரத்தை நான்கு பெரிய விவசாயிகளே வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் இயந்திரம், அதை இயக்கவும் பழுது பார்க்கவும் விவசாயத் தொழிலாளர் வீட்டு இளைஞர்களுக்குப் பயிற்சியும் வேலையும், குத்தகைதாரருக்கும் சம முன்னுரிமை என்று கேட்டால் இரு பகுதியினரும் சேர்ந்து நிற்க இடம் கிடைக்கும்.

விலையைப் பொறுத்தவரை, முடியாது என்ற வாதத்தை ஆளும் கட்சியே உடைத்துவிட்டது. ஆதரவு விலைக்கு மேல் மாநிலங்கள் போனஸ் அறிவிக்கக் கூடாது என்று 2014இல் எச்சரித்தது மோடி அரசு. ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் வாக்குக் கேட்கப் போனபோது நெல்லுக்கு 3,100 ரூபாய் என்று வாக்குறுதி கொடுத்தது அதே பாஜக. கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு கடும் நிதி நெருக்கடிக்கு நடுவிலும் 2025இல் கொள்முதல் விலையைக் கிலோவுக்கு 30 ரூபாயாக உயர்த்தியது. ஒடிசாவில் 3,100 நியாயமான விலை என்றால், பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் 2,369 எப்படி நியாயமாகும் என்ற கேள்வியை ஒன்றிய வேளாண் அமைச்சரிடமே கேட்கலாம். குதிரைத்திறன் வாரியாகக் கணக்கு வாசிக்கத் தெரிந்தவர் அவர்.