போர்டு போகலை, பின் சரியா சேரலை

சென்னையில கீபோர்டு கத்துக்குறவங்க நிறைய பேர் வீட்டுல வாசிக்கிறது ஸ்பீக்கர்ல இல்ல, ஹெட்ஃபோன்லதான். மயிலாப்பூர்ல சுவரோட சுவர் ஒட்டின ஃப்ளாட்ல ராத்திரி பத்து மணிக்கு ட்ரினிட்டி கிரேடு எக்ஸாமுக்கு ஸ்கேல் ப்ராக்டிஸ் பண்ண வேற வழி கிடையாது. அதனால ஹெட்ஃபோன்ல சத்தம் கர்ர்னு பிசிறடிச்சா, வாசிப்பே நின்னுடும். அப்புறம் நடக்குறது தெரிஞ்ச கதை. முதல்ல புது ஹெட்ஃபோன் ஆர்டர் போடுவோம். அதுலயும் அதே பிசிறு வந்தா, "கீபோர்டு போயிடுச்சு"ன்னு எக்ஸ்சேஞ்சுக்கு விலை கேட்போம்.

இந்த ரெண்டு செலவும் பெரும்பாலும் வீண்னு நான் நினைக்கிறேன். அதையும் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நாமளே செய்றோமேன்னுதான் ஆத்திரமா வருது.

எங்க மியூசிக் கிளப் ஜூனியர் ஒருத்தனோட கீபோர்டு, அப்பா இ.எம்.ஐ. போட்டு வாங்கிக் கொடுத்தது. பியானோ டோன் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. பேஸ் சுத்தமா இல்ல, எக்கோ மட்டும் மிதக்குது. தி.நகர்ல ஒரு கடையில "போர்டு போச்சு தம்பி, மாத்திடுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவன் ஹெட்ஃபோன் பின்னைப் பார்த்தா மூணு கறுப்பு வளையம். அதாவது மைக் வச்ச மொபைல் ஹெட்செட். அந்தப் பின்ல நாலு தொடர்பு: இடது, வலது, கிரவுண்டு, மைக். கீபோர்டு சாக்கெட்டுல இருக்கிறது மூணுதான். சில சாக்கெட்டுல இது பிரச்சினை இல்லாம வேலை செய்யும். சிலதுல கிரவுண்டு சரியா தொடாது.

கிரவுண்டு தொடலைன்னா ரெண்டு காதும் சீரிஸ்ல சேர்ந்துடும். இடது, வலது ரெண்டுலயும் பொதுவா இருக்கிற சிக்னல் ஒன்னை ஒன்னு அடிச்சுக்கும்; வித்தியாசம் மட்டும் மிஞ்சும். பின்னைப் பாதி சொருகிட்டு சினிமா பாட்டு கேட்டா பாடுறவங்க குரல் காணாமப் போய், பின்னணி மட்டும் கேட்குமே, அதேதான். குரலும் பேஸும் நடுவுல மிக்ஸ் ஆகியிருக்கும், அதனால அதுதான் முதல்ல போகும். ஹெட்செட்ல இருக்கிற பட்டனை அழுத்திப் பிடிச்சா மைக் லைன் கிரவுண்டோட சேர்ந்துடும். அவன் அழுத்தினான், பியானோ முழுசா திரும்பி வந்துச்சு. மைக் இல்லாத சாதாரண ஹெட்ஃபோனும், மூணு தொடர்பு உள்ள ஸ்டீரியோ கன்வெர்ட்டரும் போதுமா இருந்துச்சு.

எல்லாக் கேஸும் இது இல்லதான். ஆனா எங்க தேடணும்னு சொல்ல ஒரு கேள்வி போதும்: வால்யூமைப் பாதிக்குக் கீழ குறைச்சா பிசிறு போகுதா? போச்சுன்னா, வால்யூமுக்கு அப்புறம் இருக்கிற ஆம்ப் அல்லது ஹெட்ஃபோன் மேல சந்தேகப்படுங்க. சத்தம் குறைஞ்சும் பிசிறு அப்படியே இருந்தா, சிக்னல் வால்யூமுக்கு வர்றதுக்கு முன்னாடியே உடைஞ்சிருக்கு. சிந்த்ல ரெண்டு மூணு டோனை லேயர் போட்டு, ஃபில்டர் ரெசனன்ஸை ஏத்தி வச்சா இப்படித்தான் ஆகும். பேட்ச் லெவலைக் குறைங்க. அந்த ஹெட்ஃபோனை ஃபோன்ல போட்டுப் பாருங்க, அங்கயும் பிசிறுனா தாராளமா புதுசு வாங்கலாம். லைன் அவுட்ல ஹெட்ஃபோனைச் சொருகுறவங்களும் உண்டு. 10 கிலோஓம் மாதிரி லோடை நம்பிப் பண்ணின அவுட்புட்ல 32 ஓம் ஹெட்ஃபோனை மாட்டினா அது எப்படித் தாங்கும்?

அடையாறு, பெசன்ட் நகர் ஆளுங்களுக்கு உப்புக் காத்து தனிப் பிரச்சினை. வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரன்னு கேட்டா பாட் அழுக்கு. பின்னை லேசா சுத்தினா மட்டும் சரியாகுதுன்னா ஜாக். பேட்டரியில ஓடுற கீபோர்டுனா அடாப்டரைக் கழட்டிட்டு வாசிச்சுப் பாருங்க. இரைச்சல் நின்னா குத்தவாளி அடாப்டர்.

நம்ம லேப்ல 741 வச்சு கெயினை ஏத்துவோம். ±15 வோல்ட் சப்ளையில 13, 14 வோல்ட் பக்கத்துல சைன் வேவோட தலை தட்டையாகும். சி.ஆர்.ஓ. படத்தை ரெக்கார்டுல வரைஞ்சு கையெழுத்து வாங்கிடுவோம். அந்தத் தட்டைத் தலை காதுக்கு எப்படிக் கேட்கும்னு யாரும் காட்டுறதில்ல. 220 ஹெர்ட்ஸ் சைன் ரெண்டு பக்கமும் சமமா வெட்டுப்பட்டா 660, 1100 ஹெர்ட்ஸ்னு ஒற்றைப்படை ஹார்மானிக்ஸ் முளைக்கும். நாம பிசிறுன்னு சொல்றது அதைத்தான். ஒரு தடவை கேட்டவன் மறக்க மாட்டான். அந்த எக்ஸ்பெரிமென்ட்ல ஒரு ஹெட்ஃபோன் ஜாக்கையும் சேர்க்கணும்னு டிபார்ட்மென்ட்ல கேட்கப் போறோம். (741 அவுட்புட்டை நேரா காதுல மாட்டிடாதீங்க, ரெசிஸ்டர் போட்டு நல்லா குறைச்ச அப்புறம்தான்.)

"ஆயிரம் ரூபா ஹெட்ஃபோனுக்கு இவ்ளோ ஆராய்ச்சியா?"ன்னு ரூம்மேட் கேட்டான். அவனுக்கு அது ஆயிரம் ரூபா. அந்த ஜூனியர் வீட்டுல இன்னும் பாக்கி இருக்கிற இ.எம்.ஐ.யோட சேர்த்து ரெண்டாவது கீபோர்டு.

ஜாக்தான் போயிருக்குன்னா, வாரண்டி முடிஞ்சிருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஜாக் வாங்கி யாரையாவது சால்டர் பண்ணச் சொல்லுங்க. சர்வீஸுக்குப் போகும்போது கீபோர்டை மட்டும் தூக்கிட்டுப் போகாம, ஹெட்ஃபோன், கன்வெர்ட்டர், அடாப்டர் மூணையும் பையில போட்டுக்கோங்க.