பூங்காவில் பாத்தி கட்ட விடுங்கள்

தமிழ்நாட்டு நகரங்களின் பூங்காக்கள் பலவற்றில் எட்டு வடிவ நடைபாதை வந்துவிட்டது, திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளும் வந்துவிட்டன. கூடவே, செடிகளைத் தொடாதீர்கள் என்ற பலகையும் நிற்கிறது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்க அங்கே எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். ஒரு கத்தரி நாற்றை நட முடியாது. இந்த நிலையை மாநகராட்சிகளும் நகராட்சிகளும் மாற்ற வேண்டும். பூங்காவின் ஒரு பகுதியைப் பாத்திகளாகப் பிரித்து, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆண்டு உரிமத்தில் கொடுக்க வேண்டும்.

பொழுதுபோக்குக்குக் கேட்கும் சலுகை அல்ல இது. நெதர்லாந்தில் குத்தகைப் பாத்தி வைத்திருந்த 30 பேருக்கு வேண்டுமென்றே மன இறுக்கம் தரும் வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். பிறகு ஒரு தரப்பு அரை மணி நேரம் தோட்ட வேலை செய்தது. மறு தரப்பு அறைக்குள் உட்கார்ந்து படித்தது. இறுக்கத்தின்போது சுரக்கும் கார்டிசால் இரு தரப்புக்கும் இறங்கியது, தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக இறங்கியது. மனநிலை முழுதாகத் தேறியதும் அவர்களுக்குத்தான். 2011இல் வெளியான ஆய்வு இது.

30 பேரை வைத்து முடிவுகட்டலாமா என்று கேட்டால், அமெரிக்காவின் டென்வர் நகரில் பதில் இருக்கிறது. சமூகத் தோட்டத்தில் இடம் கேட்டுக் காத்திருந்த 291 பேரில் ஒரு பாதிக்கு உடனே பாத்தி ஒதுக்கி, மறு பாதியைக் காத்திருக்க வைத்து ஒப்பிட்டார்கள். பாத்தி கிடைத்தவர்கள் நார்ச்சத்தை அதிகம் உண்டார்கள், உடலை அதிகம் அசைத்தார்கள். மன இறுக்கமும் பதற்றமும் குறைந்தன. மிகுந்த இறுக்கத்தோடு வந்தவர்களுக்கே பலன் அதிகம் என்று 2023இல் வெளியான முடிவு சொல்கிறது.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சிக்கு நாளை என்று தவணை சொல்லலாம். வெண்டைச் செடிக்குச் சொல்ல முடியாது. ஒருநாள் தண்ணீர் தவறினால் வாடிக் காட்டிவிடும். குந்தி உட்கார்ந்து களை பறிக்கிற கையில் கைபேசி இருக்காது. பக்கத்துப் பாத்திக்காரரோடு பேச்சு தானாக வரும், விதையும் கைமாறும்.

அரசு கைகட்டி நிற்கிறது என்று சொல்லவில்லை. தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் தந்திருக்கிறது. பை, தென்னைநார்க் கழிவுக் கட்டி, விதை எல்லாம் அதில் உண்டு. ஆனால் தளை வாங்க மாடி வேண்டுமே! வாடகைக்குக் குடியிருப்பவருக்கு மொட்டைமாடிச் சாவி வீட்டுக்காரர் கையில். அடுக்ககங்களில் நீர்க்கசிவு என்று சங்கம் மறுக்கும். அந்த அச்சம் பொய்யும் அல்ல. சென்னை நகருக்குள்ளிருந்து புறநகரான பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டவர்களின் கதி என்ன? பிழைப்புக்கும் பள்ளிக்கும் நெடுந்தொலைவு போய் வரும் அவர்களைவிட மன இளைப்பாறுதல் யாருக்குத் தேவை?

நிலம் இல்லை என்ற பேச்சு எடுபடாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அப்படிப் பெற்ற நிலங்களில் பூட்டிய கேட்டுக்குள் சீமைக்கருவேலம் வளர்க்கும் இடங்களிலிருந்தே தொடங்கலாம். உரத்துக்கும் பஞ்சமில்லை: வீட்டுக் குப்பையை எருவாக்கும் நுண் உர மையங்களை நடத்துவது இதே உள்ளாட்சிகள்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மக்கள் கேட்டால் உள்ளாட்சி பாத்தி ஒதுக்கித் தர வேண்டும் என்ற கடமை 1908ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

பாத்திகளைக் கட்சிக்காரர்கள் வளைத்துப்போடுவார்கள் என்பதுதான் உண்மையான பயம். குலுக்கல் முறையில் ஒதுக்கி, பட்டியலைப் பூங்கா வாசலில் ஒட்டட்டும். மூன்று மாதம் தரிசாகக் கிடந்தால் அடுத்தவருக்குப் போகட்டும். கொட்டகைக்கு இடமே கூடாது. தண்ணீர்த் தொட்டிகளை மூடி வைத்தால் ஏடிஸ் கொசுவுக்கு அங்கே வேலை இல்லை. சர்க்கரை நோயாளிகள் செருப்பில்லாமல் மண்ணில் இறங்கக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு மண்வெட்டியை எடுக்கவும் கூடாது.

வரும் ஆடிப்பட்டத்துக்குள் மண்டலத்துக்கு ஒரு பூங்காவையாவது இதற்குத் திறந்துவிட மாநகராட்சி மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். கவுன்சிலர் முன்வராத வார்டுகளில், குடியிருப்போர் நலச் சங்கங்கள் மனுவோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டட்டும்.