வலியைக் கேட்டறிவதும் இபாதத்தே



நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதை மத்ரஸாவில் பயிலும் சிறு பிள்ளைகளும் அறிவர். ஆயினும் கட்டிலருகே சில நிமிடங்கள் நின்று, "ஸப்ர் செய்யுங்கள்" என்று கூறித் திரும்புவதோடு அக்கடமை நிறைவேறிவிடுகிறதா?

எங்கள் ஒடுகத்தூரில் ஒரு பெரியவர் இருந்தார். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளில் வாழ்நாளெல்லாம் உழைத்தவர். புற்றுநோய் எலும்புவரை பரவிய பின், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நான் அவரைக் காணச் சென்று பொறுமையின் சிறப்பை எடுத்துரைத்தேன். அமைதியாகக் கேட்டவர், "ஹஜ்ரத், நான் பொறுமையாகத்தான் இருக்கிறேன். ஆனால் வலி வந்தால் ஓதுகிற சூரா மறந்துபோகிறது. அதற்கு என்ன செய்வது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பதில் ஒரு செவிலியரிடம் இருந்தது. உறவுக்காரப் பெண் அவர். வந்தவுடன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது, இரவில் உறங்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ந்த உதடுகளை நனைத்தார். படுக்கைப் புண் வராதிருக்க எவ்வாறு புரட்டிப் படுக்க வைப்பது என்று மகனுக்குக் கற்றுக்கொடுத்தார். மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்த மார்ஃபின் மாத்திரைகள், போதைப்பொருள் ஹராம் என்ற அச்சத்தால் பிரிக்கப்படாமலேயே அலமாரியில் இருந்ததையும் அவரே கண்டுபிடித்தார்.

அந்த அச்சத்தைப் போக்கும் பொறுப்பு என்னைப் போன்றோருக்கு உரியது. இன்பத்துக்காக மதியை மயக்குவது வேறு. மாற்று மருந்து பயன் தராதபோது, மருத்துவர் அளந்து தரும் மருந்தால் கடும் வலியைத் தணிப்பது வேறு. நிர்ப்பந்தத்தின் சட்டம் நம் ஃபிக்ஹில் தெளிவாகவே உள்ளது. இது மரணத்தை விரைவுபடுத்தும் செயலும் அன்று. உயிரைப் போக்கும் நோக்கில் மருந்து தருவதை மார்க்கம் தடுக்கிறது. வலி நிவாரணச் சிகிச்சையின் நோக்கம் அதுவன்று. மருந்தை வேண்டுவது ஸப்ருக்கு மாறானது என்றும் எண்ணலாகாது. நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்களே ஏவியுள்ளார்கள். வலியும் நோயின் ஒரு பகுதிதானே!

அந்தச் செவிலியர் செய்ததைத்தான் மருத்துவ உலகம் 'பாலியேட்டிவ் கேர்', அதாவது வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை என்கிறது. 1967இல் லண்டனில் இதற்கென மருத்துவ இல்லம் நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், மருத்துவராவதற்கு முன் செவிலியராகப் பணியாற்றியவர். வலி உடலில் மட்டும் இல்லை. மனத்திலும் குடும்பக் கவலையிலும் ஆன்மாவிலும் உண்டு என்று அவர் கற்பித்தார்.

இங்குதான் என் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இச்சிகிச்சையை இறுதி நாள்களுக்கு உரியது என்றும், பெரிய மருத்துவமனையின் தனிப்பிரிவுக்கு உரியது என்றும் ஒதுக்கிவிடக் கூடாது. ஊசி போடும்போதும், காயம் கட்டும்போதும், படுக்கையை மாற்றும்போதும் ஒவ்வொரு செவிலியரும் கடைப்பிடிக்க வேண்டிய முறை இது. காய்ச்சலைக் குறித்து வைப்பதுபோல வலியையும் கேட்டுக் குறிக்க வேண்டும். வலி முற்றும்வரை காத்திராமல், மருத்துவர் சொன்ன நேரந்தவறாது மருந்து தர வேண்டும். மார்ஃபின் தரும்போது மலச்சிக்கலுக்கும் மருந்து வேண்டும் என்பதை மறக்கலாகாது. நோயாளியின் மானத்தை மறைத்துப் பணிவிடை செய்வதும், ரமளானில் நோன்பைப் பற்றிய அவரது தவிப்பைக் காதுகொடுத்துக் கேட்பதும், தயம்மும் செய்யவும் கிப்லாவை நோக்கிப் படுக்கவும் உதவுவதும் இதில் அடங்கும்.

இது நமக்குப் புதியதன்று. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள், ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டார்கள். அக்காயத்தாலேயே அவர்கள் பின்னர் இறையடி சேர்ந்தார்கள். ஆயினும் அதற்காகப் பணிவிடை குறைக்கப்படவில்லை. நபி (ஸல்) அவர்களும் காலையிலும் மாலையிலும் அவரது நலம் கேட்டு வந்தார்கள். குணமாவாரா என்ற கணக்கு அங்கே பார்க்கப்படவில்லை.

அண்டை மாநிலமான கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தோழர்களும் தொடங்கிய பணி, மலப்புரம் போன்ற மாவட்டங்களில் ஊர்மக்களின் பணியாகவே வளர்ந்தது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் செவிலியர்களும் வீடு தேடிச் செல்கின்றனர். 2008இல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையும் வகுத்தது. நம் தமிழகத்திலும் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை வழங்குவதும் ஓர் அங்கமாகும். நம்மில் எத்தனை குடும்பங்கள் அதைக் கேட்டுப் பெறுகின்றன?

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் சில எளிய காரியங்களைச் செய்யலாம். படுக்கையில் கிடப்போரின் விவரத்தைச் சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்கலாம். ஸதகா நிதியில் காற்று மெத்தை வாங்கிப் பள்ளிவாசலில் வைத்து, தேவைப்படும் வீடுகளுக்கு இரவல் தரலாம். நோயாளியைப் புரட்டவும் வாய் துடைக்கவும் இளைஞர்களுக்குச் செவிலியரைக் கொண்டு பயிற்சி அளிக்கலாம். பெண் நோயாளிகளுக்குப் பெண்களே உதவ ஏற்பாடு செய்யலாம். செவிலியர் படிப்புக்குச் செல்லும் நம் பெண்மக்களை, அது சிறிய வேலை என்று தடுக்காமல், ருஃபைதா (ரலி) அவர்களின் வழித்தோன்றல்களாக மதித்து அனுப்பலாம்.

அந்தப் பெரியவர் சில மாதங்களில் வஃபாத்தானார். மருந்து தொடங்கிய பின்னர் ஒருநாள் சென்றபோது, ஒருக்களித்துப் படுத்தவாறே அஸர் தொழுதுகொண்டிருந்தார். ஸலாம் கொடுத்து முடித்ததும் என்னைப் பார்த்து, "சூரா மறக்கவில்லை, ஹஜ்ரத்" என்றார்.

இப்போதெல்லாம் நோயாளியிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவதற்கு முன், எங்கே வலிக்கிறது என்று கேட்கிறேன். நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவையும் ஆறுதலையும் அருள்வானாக! அவர்களுக்குப் பணிவிடை செய்யும் கரங்களுக்கு நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.