"தம்பி சாப்பிட்டானோ?"



"மனுசிக்கு அறளை பெயர்ந்திட்டுது" என்று நாங்கள் ஒரே வசனத்தில் முடித்துவிடுகிற விடயத்தைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன். வயது போனால் அப்படித்தான் என்று சொல்லி, ஒரு மூலையில் பாயைப் போட்டுவிடுகிற வழக்கம் எங்களிடம் உண்டு. சமூகவியல் படித்த காலத்தில் முதுமை பற்றிப் பாடம் படித்துப் பரீட்சையும் எழுதியவள்தான் நான். ஆனால் வலிகாமத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் ஓர் ஆச்சிக்கு முன்னால் போய் இருந்தபோதுதான், எனக்கு இதில் எவ்வளவு குறைவாகத் தெரியும் என்று விளங்கியது.

ஆச்சிக்கு எண்பது வயது. ஐம்பது வயதைத் தாண்டிய மகள்தான் பார்க்கிறார். கடைசி மகன் 2009 மே மாதத்தில் காணாமல் போனவர். மகளின் வாழ்வாதார உதவி விடயமாகவே நான் போயிருந்தேன். கையில் படிவமும் பேனையும். அதைக் கண்டதும் ஆச்சி சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருந்தார். "பதிவோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, நான் கேட்காமலே குடும்பத்தில் ஒவ்வொருவருடைய பெயரையும் வயதையும் ஒழுங்காகச் சொன்னார். கடைசி மகனுக்கு இருபத்தாறு என்றார். அது 2009இல் இருந்த வயது. அதே ஆச்சி, "இவள் எனக்குக் காலமை சாப்பாடு தரேல்லை" என்று என்னிடம் முறைப்பாடும் வைத்தார். கழுவிக் கவிழ்த்த கோப்பையில் ஈரம்கூடக் காயவில்லை.

இதைத்தான் வைத்தியர்கள் டிமென்சியா என்கிறார்கள். இது ஒரு தனி நோயின் பெயரல்ல. பல நோய்களால் மூளை பாதிக்கப்படும்போது வருகிற நிலை. அதிகமானோரில் காரணம் அல்சைமர் நோய். அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜேர்மன் வைத்தியர் 1906இல் முதன்முதலாக விளக்கியதால் அந்தப் பெயர். அடுத்த பெரிய காரணம், மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களின் பாதிப்பு. பிரஷரையும் சீனி வருத்தத்தையும் கவனிக்காமல் விடுவது இதற்கு வழிவிடும். பொதுவாகப் புதிதாக நடப்பதை மனதில் பதிகிற ஆற்றல் முதலில் போகும். பழைய நினைவு கனகாலம் நிற்கும். பழைய நினைவு என்றால் சமாதானமான நாடுகளில் பள்ளிக்கூடமும் கல்யாணமும். எங்கள் ஆச்சிமாருக்கோ அதற்குள் பங்கரும் ஷெல்லும் பதிவும் கிடக்கின்றன.

ஒன்றை மறக்காதீர்கள். நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று தடுமாறினால் அது டிமென்சியா என்று நினைத்து வீட்டில் வைத்திருக்க வேண்டாம். சலத்தில் கிருமி, சீனி இறங்குவது, உடம்பில் தண்ணீர் குறைவது, விழுந்து தலையில் அடிபட்டது, இவற்றில் ஏதாவது இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மெதுவாக வருகிற மறதியிலும் தைரொயிட் குறைபாடு, பி12 விற்றமின் குறைவு, மனச்சோர்வு என்று சுகப்படுத்தக்கூடிய காரணங்கள் உண்டு. ஆகவே இரத்தப் பரிசோதனைக்கு முதல் "அறளை" என்று பெயர் வைக்காதீர்கள்.

ஆச்சியின் கதைக்கு வருகிறேன். பின்னேரம் நாலு மணியானால் அவருக்குப் பதற்றம் தொடங்கும். ஓர் உரப்பைக்குள் காணி உறுதி, சவர்க்காரம், இரண்டு சேலை, ஒரு கைவிளக்கு எல்லாம் அடுக்கிக்கொண்டு படலைக்குப் போவார். "வெளிக்கிடு, இருட்ட முதல் பாலத்தைக் கடக்கவேணும்." எந்தப் பாலம் என்று நான் கேட்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்த எட்டு வயதுப் பிள்ளை நான்.

மகள் ஒவ்வொரு நாளும், "சண்டை முடிஞ்சுதம்மா, நாங்கள் வீட்டிலதான் இருக்கிறம்" என்று கையைப் பிடித்து இழுப்பார். ஆச்சி கத்துவார். அயல் சனம் எட்டிப் பார்க்கும். அதைவிடக் கொடுமை இரவுச் சாப்பாட்டு நேரம். "தம்பி சாப்பிட்டானோ?"

"ஒருநாள் தாங்கேலாமல், 'தம்பி இல்லையம்மா' எண்டு கத்திப்போட்டன் தங்கச்சி. அண்டைக்குத்தான் கேள்விப்பட்ட மாதிரி அழுதா. பத்து நிமிசத்தில திரும்பவும் அதே கேள்வி. அவன் இல்லையெண்டு சொல்ல நான் ஆர்? மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தினை பேர் வந்தவை, நான் எடுக்கேல்லை."

அமெரிக்காவில் போலீன் பொஸ் என்ற அறிஞர், போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களை ஆராய்ந்து 1970களில் ஒரு கருத்தை முன்வைத்தார். உடல் இல்லை, ஆள் மனதில் இருக்கிறார். இது முடிவு தெரியாத இழப்பு. பின்னர் டிமென்சியா உள்ளவர்களைப் பராமரிப்போரிடமும் இதன் மறுபக்கத்தை அவர் கண்டார். உடல் முன்னால் இருக்கிறது, ஆள் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகிறார். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் எப்படி இருக்கும் என்பதை அந்த அக்காவின் முகத்தில் கண்டேன்.

அதே நாட்டில் முதியோர் இல்லத்தில் வேலைசெய்த நவோமி ஃபைல் என்ற சமூகப் பணியாளர், இப்படியானவர்களைத் திருத்தித் திருத்தி இன்றைய நாளுக்கு இழுப்பதை விட்டுவிட்டு, சொல்லுக்குப் பின்னால் உள்ள உணர்வுக்குப் பதில் சொல்லும் முறையை உருவாக்கினார். இது நோயை மாற்றாது. ஆய்வுகளிலும் உறுதியான சான்று இல்லை. சிறு குழுவாக இருந்து பேச்சு, விளையாட்டு, படம், பாட்டு என்று மூளைக்கு வேலை கொடுக்கும் முறைக்குத்தான், தொடக்க, நடுத்தர நிலையில் உள்ளவர்களிடம், கூடிய சான்று உண்டு. ஆனால் எங்கள் ஊரில் குழுவுக்கு எங்கே போவது? ஆகவே வீட்டில் செய்யக்கூடியதைச் செய்தோம்.

"இல்லை" என்றும் "வருவான்" என்றும் சொல்லாமல், "தம்பிக்கு என்ன சாப்பாடு விருப்பம் அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள் அக்கா என்றேன். ஆச்சி ஒடியல் கூழ் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தாராம். நண்டு போட்டால்தான் குடிப்பானாம், பிலாவிலையைக் கோலிக் கொடுக்கவேணுமாம். அடுத்த முறை போனபோது அக்கா சொன்னார்: "அவனைப் பற்றி இந்த வீட்டில ஒருத்தரும் கதைக்கிறேல்லை தங்கச்சி. இப்ப எனக்கும் கதைக்க ஓராள் கிடைச்ச மாதிரி."

பழையதைக் கதைக்க வைப்பதும் ஒரு சிகிச்சைதான். ஆனால் எங்கள் ஆட்களிடம் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று பார்க்கவேண்டும். சமையல், திருவிழா, வயல், பள்ளிக்கூடம் என்று தொடங்குங்கள். முகம் மாறினால் விட்டுவிடுங்கள். கைக்கு வேலையும் கொடுங்கள். ஆச்சி முருங்கையிலை உருவுகிறார், வெங்காயம் உரிக்கிறார். அரைவாசி தோலோடு கிடந்தாலும் ஒன்றும் சொல்லாமல் பிறகு உரித்துக்கொள்ளலாம். கிணற்றுக்கு மூடி போடுங்கள். சட்டையின் உட்புறத்தில் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைத் தைத்துவிடுங்கள். அயலில் யாரோ கொடுத்த நித்திரைக் குளிசையை மட்டும் கொடுக்காதீர்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கைதான்.

வெளிநாட்டிலிருந்து மூத்த மகன் கிழமைக்கொருமுறை எடுத்து, "அம்மாவை வடிவாப் பார்" என்கிறாராம். அவரோடு நானே கதைத்தேன். காசு அனுப்புகிறார், குறைசொல்ல வரவில்லை. ஆனால் இரவில் நாலு முறை எழும்புகிறவருக்கு நித்திரையைக் காசாக அனுப்ப முடியாதே! கடைசியில் சனிக்கிழமைகளில் ஆச்சியோடு இருக்க அயலில் உள்ள மச்சாள் ஒருவருக்குக் கொடுப்பனவு ஒழுங்குசெய்தார். முதல் சனிக்கிழமை அக்கா எங்கும் போகவில்லையாம். பகல் முழுக்கப் படுத்து நித்திரை கொண்டாராம்.

பின்னேரப் பயணம் இன்னும் நிற்கவில்லை. இப்போது அக்கா மறிப்பதில்லை. உரப்பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஆச்சியின் கையைப் பிடித்துச் சந்திவரை நடக்கிறார். கடையில் இருவரும் பிளேன்ரீ குடிக்கிறார்கள். திரும்பி வந்து படலையைத் திறந்ததும், "வந்து சேர்ந்திட்டம் அம்மா" என்கிறார். ஆச்சி முற்றத்தைச் சுற்றிப் பார்த்து, "நல்ல இடம், கிணறும் கிடக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றுகிறார். உறுதியை மட்டும் அக்கா எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டார். அந்தப் பாரத்துக்கு ஒரு பழைய கொப்பி உரப்பைக்குள் இருக்கிறது.