தூக்கத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்!

சிக்கனத்தில் நம்மை மிஞ்ச ஆளில்லை. எண்ணெயில் மிச்சம், காஸில் மிச்சம், கட்டும் புடவையில்கூட மிச்சம். ஆனால் நேரம் போதவில்லை என்றால் நாம் முதலில் கை வைப்பது நம் தூக்கத்தில்தான். "எல்லாரும் படுத்தப்புறம் பாத்திரத்தை ஒழிச்சுப் போட்டு, மாவைக் கரைச்சு வச்சுட்டுப் படுக்கப் பன்னிரண்டு ஆயிடும். நாலரைக்கு எழுந்தாத்தான் கட்டுப்படியாகும்" என்று எத்தனை சகோதரிகள் என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள்! கேட்கும்போது எனக்குத்தான் பகீரென்கிறது.

காரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில், தூக்கத்துக்கும் ஹார்மோன்களுக்கும் உள்ள உறவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஈவ் வான் காட்டர் என்ற பெண் விஞ்ஞானி. 1999-ல் அவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வைக் கேளுங்கள். ஆரோக்கியமான 11 வாலிபர்களை 6 இரவுகள், இரவுக்கு 4 மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள். பிறகு சோதித்தால், ரத்தத்தில் சேரும் சர்க்கரையை உடம்பு சமாளிக்கும் திறன் குறைந்திருந்தது. சாயங்காலம் இறங்க வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோன் இறங்காமல் நின்றது. இதெல்லாம் வயதானவர்களிடம் காணும் மாற்றங்கள். இருபது சொச்சம் வயதில், ஒரே வாரத்தில்! நல்லவேளை, இரவுக்கு 12 மணி நேரம் படுக்க விட்டதும் நிலைமை சீரானது.

2004-ல் இன்னொரு ஆய்வு. 12 வாலிபர்கள் இரண்டே இரவுகள் 4 மணி நேரம் படுத்தார்கள். இரவுக்கு 10 மணி நேரம் படுத்தபோது இருந்ததைவிட, "போதும்" என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. இனிப்பு, உப்புப் பண்டம், மாவுப் பண்டம் இவற்றின் மேல்தான் ஆசை அதிகமாகப் போனது. விடிய விடியக் கண் விழித்த மறுநாள், முறுக்கு டப்பாவைத் தேடிக் கை போவது வெறும் நாக்கு ருசி மட்டுமல்ல, தெரிந்ததா?

இந்தச் சோதனைகளில் இருந்தவர்கள் எல்லாரும் இளம் ஆண்கள், எண்ணிக்கையும் கொஞ்சம்தான். அதனால் நமக்கும் அச்சு அசலாக இப்படியே ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேறு வேலை இல்லாமல் படுத்திருந்த அந்தப் பிள்ளைகளுக்கே இப்படி என்றால், மாதக்கணக்கில் இரவில் நாலு தடவை எழுந்து பாலூட்டும் தாயின் உடம்பை யாராவது நினைத்துப் பார்க்க வேண்டாமா?

செய்யக்கூடியது இதுதான். குழந்தை பகலில் தூங்கும்போது துணியை மடிக்க உட்காராதீர்கள். நீங்களும் பக்கத்தில் தலையைச் சாயுங்கள். சாயங்காலத்துக்குமேல் காப்பி வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் படுத்து எழப் பாருங்கள். பலத்த குறட்டை, படுத்தும் தூக்கம் வராமை தொடர்ந்தால் டாக்டரிடம் போங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று, வீட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவில் குழந்தையை ஒரு முறை அவர் தூக்கி வைத்துக்கொள்ளட்டும். ராத்திரிப் பாத்திரத்தை அவர் தேய்க்கட்டும். சோம்பேறி என்று யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். மிச்சம் பிடிக்க வீட்டில் வேறு எத்தனையோ சாமான் இருக்கிறது.